ஆறா, ஏழா

சலாலா சனாய்யாவில் மூன்றாவது சந்து.
டயர்க் கடைக்கும் கண்ணாடி அறுக்கும் கடைக்கும் நடுவே
நான் நிற்கும் கவுண்டர்.
கரீஃப் தொடங்கிப் பதினெட்டு நாள்.
மழை என்று சொல்லவும் முடியாத மழை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச்
சட்டை நுனி ஈரம்.
மலையெல்லாம் புல்.
புல் முளைத்தால் எனக்கு வியாபாரம்.

புல்வெட்டி, மர ரம்பம், இலை ஊதி, மருந்தடிக்கும் பம்பு,
எல்லாவற்றின் தலையிலும்
கட்டைவிரல் நீளத்தில் ஒரு பீங்கான்.
"பிளக் ஒண்ணு குடு" என்கிறார்கள்
தீப்பெட்டி கேட்பதுபோல.
எந்த பிளக்?
மரை எவ்வளவு நீளம்?
ஒரு நூல் கூடினால் பிஸ்டன் வந்து முட்டும்.
குறைந்தால் பொறி
குழிக்குள் பிறந்து குழிக்குள்ளேயே சாகும்.
எண்ணுக்கு முன்னால் ஆர் எழுத்து இருக்கிறதா?
இல்லையென்றால் பக்கத்து ரேடியோவில்
செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டும்.

பிறகு சூட்டு எண்.
ஜப்பான்காரன் பெட்டியில் எண் ஏறினால் குளிர்ச்சி.
அமெரிக்காக்காரன் பெட்டியில் எண் ஏறினால் சூடு.
இரண்டையும் ஒரே தட்டில் கலந்து அடுக்கிவிட்டு
முதலாளி முசல்லம்
மதியத் தூக்கத்துக்குப் போய்விடுவார்.

"இந்த ஊர் வெயிலுக்குக் குளிர்ந்த பிளக்தான் சரி"
என்பார்கள் துபாயில் இருந்து வந்தவர்கள்.
உள்ளே எரியும் எரிப்புக்கு
வெளி வெயில் எறும்புக்கடி.
பிளக்குக்கு வேண்டியது
தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும் சூடு,
முறை வருமுன் பற்றவைத்துவிடாத நிதானம்.
இரண்டுக்கும் நடுவே சில நூறு டிகிரி.
அதற்குள் பிழைத்துக்கொள்ள வேண்டும்.
எங்கள் அறையில் ஆறு கட்டில்.
எனக்கு இது புரியும்.

மூன்று மணி வாக்கில் ஷேர் ஜமான் வந்தான்.
தோளில் புல்வெட்டி, தாடியில் புல்.
உள்ளங்கையை விரித்தான்: கரி பூசிய பிளக்,
மையில் நனைத்ததுபோல.
"ஹாதா காராப். இந்த வாரம் மூணு."
மேஸ்திரி தங்கமாரி கொடுத்துவிட்ட சீட்டில்:
ஏழு வேண்டாம், ஆறு போடவும். சூடானது.

ஆறு போட்டால் கரி எரியும்.
காரணம் எரியாது.
மோந்து பார்த்தேன்.
"கேனைக் கொண்டா" என்றேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
பெட்ரோல், கண்டாக்டர் சட்டை நிறத்தில்.
லிட்டருக்கு இருபது மில்லி எண்ணெய் போதும்.
இவன் ஐம்பது ஊற்றியிருக்கிறான்.

ஏன்?
போன வருஷம் எவனோ எண்ணெயே ஊற்றாமல் ஓட்டி
எஞ்சின் இறுகிப்போனது.
பதிவேட்டில் இருந்தது ஷேர் ஜமான் பெயர்.
நாற்பத்தைந்து ரியால், மூன்று தவணையில் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அன்றிலிருந்து தினமும் காலையில்
பயத்துக்கு ஒரு மூடி,
மேஸ்திரிக்கு ஒரு மூடி, கூடுதலாக.

கேனைக் காலி செய்தேன்.
பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோலில் அலசி,
இடைவெளியில் தகடு விட்டுப் பார்த்தேன்:
பூஜ்யம் புள்ளி ஆறு. சரி.
விரலால் முடிந்தமட்டும் திருகி
அப்புறம்தான் ஸ்பானர்.
பார்மசியில் ஒரு சிரிஞ்சு வாங்கி
இருபதில் கறுப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன்.
நான்காவது இழுப்பில் இருமியது,
ஐந்தாவதில் பேசியது.
நீலப் புகை மெலிந்து மெலிந்து
தூறலோடு போனது.

அஸருக்குப் பிறகு முசல்லம் வந்து கேட்டார்,
எத்தனை பிளக் போச்சு?
ஒன்றும் இல்லை என்றேன்.
அவர் கணக்கு நோட்டைப் பார்த்தார்,
அலமாரியைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளி தாண்டிச் சனி.
ஷேர் ஜமான் மறுபடி வாசலில்.
ரொட்டிக் காகிதத்தைப் பிரிக்கிறான்.
உள்ளே அதே பிளக்.
முனை, பால் கொஞ்சம் குறைந்த கரக் நிறம்.
காட்டுவதற்காகவே
ஓடுகிற எஞ்சினில் இருந்து கழற்றி வந்திருக்கிறான்,
நசுங்கிய வாஷரை மலையில் எங்கேயோ போட்டுவிட்டு.

நல்ல நிறம் என்றேன்.
புது வாஷருக்கு
நூறு பைசா வாங்கிக்கொண்டேன்.